ஏழு மலைகளின் நீர்க்கணக்கு

மாசி மாதத்துச் சிவராத்திரி தொடங்கி வைகாசி வரையிலான கோடைப் பருவத்தில், சனிக்கிழமை மாலையில் வாரச் சம்பளம் கைக்கு வந்த பிறகு, பனியன் கம்பெனிகளிலே பணிபுரியும் டெய்லர்களும் கட்டிங் மாஸ்டர்களும் அயர்ன் போடுகிறவர்களும் பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து வேன் பேசிக்கொண்டு திருப்பூரை விட்டுப் புறப்பட்டு, கோயம்புத்தூரையும் பேரூரையும் ஆலாந்துறையையும் கடந்து, நள்ளிரவை ஒட்டிப் பூண்டி என்னும் மலையடிவாரத்தில் இறங்குவது இந்தப் பிரதேசத்தில் நன்கு வேரூன்றிவிட்ட வழக்கமாகும். அங்கே விற்கும் மூங்கில் தடி ஒன்றை வாங்கி ஊன்றிக்கொண்டு, ஏழு மலைகளையும் ஏறிக் கடந்து, உச்சியிலே சுயம்புவாக எழுந்தருளியிருக்கும் வெள்ளியங்கிரி ஆண்டவரைச் சூரியோதய வேளையில் தரிசித்து, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலுக்குள் இறங்கி, திங்கட்கிழமை காலையில் மறுபடியும் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்துவிடுகிறார்கள். தென் கயிலாயம் என்று பக்தர்கள் போற்றுகின்ற இந்த மலைத் தொகுதியே நொய்யல் நதியின் பிறப்பிடம் என்பதையும், காஞ்சி மாநதி என்று பழம்பெயர் பூண்ட அந்நதி பேரூரையும் கோவையையும் தாண்டித் திருப்பூரின் நடுவே ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது என்பதையும் அவர்களுள் பலர் அறிவார்கள். ஆனால், இரவெல்லாம் தாங்கள் சிந்துகின்ற வியர்வையும், மிதித்துச் செல்லும் சோலைமண்ணும், உடுத்தியிருக்கும் பருத்திப் பனியனும், ஊருக்குத் திரும்பினால் காணப்போகும் சாயப்பட்டறையின் கொதிகலனும் ஒரே பௌதிக விதிக்கு உட்பட்டவை என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் அரியர். அதைச் சொல்லுவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

அந்த விதி மிக எளிமையானது. நீர் ஆவியாக வேண்டுமானால் வெப்பம் செலவாக வேண்டும். அதுவும் நாம் சாதாரணமாக நினைப்பதைவிடப் பன்மடங்கு செலவாக வேண்டும். 20 பாகை உஷ்ணமுள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 80 கிலோகலோரி போதுமானது. கொதிக்கும் அந்த நீர் முழுவதையும் ஆவியாக்குவதற்கோ மேலும் 540 கிலோகலோரி வேண்டும். கொதிக்காமலே, கொடியில் காயும் துணியிலிருந்தோ மனிதனுடைய தோலிலிருந்தோ நீர் உலர்ந்து போகும்போது, லிட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 580 கிலோகலோரி சுற்றிலுமிருந்து உறிஞ்சப்படுகிறது. இவ்வாறு செலவான வெப்பம் அழிந்துபோவதில்லை. ஆவிக்குள்ளே மறைந்திருந்து, ஆவி மீண்டும் நீர்த்துளியாகும் கணத்தில் குறைவின்றி வெளிப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டிலே ஸ்காட்லாந்து தேசத்து ஜோசப் பிளாக் என்னும் பேராசிரியர் இதைப் பரிசோதனை வாயிலாக நிறுவினார். உள்ளுறை வெப்பம் என்று பள்ளிப் பாடநூல்கள் இதற்குப் பெயரிட்டிருக்கின்றன.

வெள்ளியங்கிரியில் நதி பிறப்பதும், திருப்பூர் வறண்ட பூமியாக இருப்பதும் இந்த விதியின் இருபக்க விளைவுகளே. திருப்பூரில் ஆண்டொன்றுக்குப் பெய்கின்ற மழை ஏறக்குறைய 600 முதல் 700 மில்லிமீட்டர்; அங்கிருந்து நேர்கோட்டில் 70 கிலோமீட்டர் அளவே மேற்கிலுள்ள வெள்ளியங்கிரியின் மறுபுறத்தில், கோவைக்குக் குடிநீர் தரும் சிறுவாணிப் பள்ளத்தாக்கிலோ, மழை ஆயிரக்கணக்கான மில்லிமீட்டராகக் கொட்டுகிறது. அரபிக்கடலின் மேல் சூரிய வெப்பத்தால் எழுந்த நீராவியைச் சுமந்துவரும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவில் முட்டி மேலே ஏற நேரும்போது, உயரே அழுத்தம் குறைவாதலால் விரிவடைந்து, விரிவடைவதனாலேயே குளிர்ந்துபோகிறது. மேகம் உருவாகும் வரையில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு பாகை என்னும் விகிதத்தில் குளிரும் காற்று, மேகம் உண்டான பிறகு, கடலிலே உட்கொண்ட வெப்பத்தை ஆவி திருப்பிக் கொடுக்கத் தொடங்குவதால், அதனினும் மெதுவாகவே குளிர்கிறது. நீரை இழந்து சிகரத்தைக் கடந்து கிழக்கே இறங்கும் அதே காற்று, விட்டுக்கொடுக்க நீர் இல்லாமையால், இறங்கும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஒரு முழுப் பாகை சூடேறுகிறது. ஆகவே ஏறியபோது இருந்ததைவிட வெப்பமும் வறட்சியும் மிகுந்த காற்றாகவே அது கொங்குச் சமவெளியை வந்தடைகிறது. மலைக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்திற்குத் திறந்துகிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் காற்றும், மேலேற வேண்டிய அவசியமே இல்லாமல் நேராக ஓடிவிடுவதால், மழையைச் சிறிதளவே தந்து, பல்லடம், உடுமலை வட்டாரங்களின் காற்றாலைகளைச் சுழற்றுவதோடு நின்றுவிடுகிறது. திருப்பூரின் வறட்சிக்கும் நொய்யலின் பிறப்புக்கும் காரணம் ஒரே மலைதான்.

இனி அந்த மலையில் ஏறுவோம். பூண்டிக் கோயிலிலிருந்து உச்சி வரையில் பாதை ஏறத்தாழ 6 கிலோமீட்டர். சமவெளியில் ஒன்றரை மணி நேரத்தில் நடந்துவிடக்கூடிய தூரம். ஆயினும் அடிவாரத்திற்கும் 1,700 மீட்டருக்கு மேற்பட்ட உச்சிக்கும் இடையே ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தை உடல் தூக்கிச் செல்ல வேண்டியிருப்பதால், பழகாதவர்களுக்கு ஐந்தாறு மணி நேரம் பிடிக்கிறது. இந்த உழைப்பைக் கணக்கிட்டுப் பார்ப்பது சுவையான காரியம். 60 கிலோ எடையுள்ள ஒருவனை 1,200 மீட்டர் உயர்த்துவதற்குப் பௌதிகக் கணக்குப்படி ஏறத்தாழ 170 கிலோகலோரி போதும். நான்கைந்து இட்லிகள் தரக்கூடிய சக்தி. ஆனால் மனிதத் தசைநார்கள் தாம் எரிக்கும் உணவில் அதிகமாகப் போனால் கால் பங்கைத்தான் வேலையாக மாற்ற வல்லவை. எஞ்சிய முக்கால் பங்கும் வெப்பமாகவே வெளிப்படும். எனவே உச்சியை அடைவதற்குள் அவன் 700 கிலோகலோரி அளவுக்கு எரித்திருப்பான். அதில் 500 கிலோகலோரிக்கும் மேற்பட்டது அவன் தேகத்தைச் சூடேற்றுவதிலேயே போய்விட்டிருக்கும். வெளியேற வழியின்றி அவ்வளவு வெப்பமும் உடலுக்குள்ளேயே தேங்குமானால், உஷ்ணம் ஏறக்குறைய 10 பாகை உயர்ந்து, பாதி மலையைத் தாண்டுவதற்குள் மரணம் நேர்ந்துவிடும்.

அவ்விதம் நேராமல் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முற்றிலும் தோலின்மேல் உலர்ந்துபோனால் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் சென்றுவிடும் என்று முன்னே கண்டோம். ஆகவே இந்த ஏற்றம் முழுவதற்கும் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைந்த வியர்வையே கணக்கின்படி போதுமானது. ஆனால் உலர்ந்த வியர்வைக்குத்தான் இந்தப் பலன் உண்டு. நெற்றியிலிருந்து சொட்டிப் பாதையில் விழுகின்ற துளி, நீரையும் உப்பையும் உடலிலிருந்து கொண்டுபோகிறதேயன்றி, வெப்பத்தில் எதையும் கொண்டுபோவதில்லை. கல்படிகள் செங்குத்தாக அடுக்கப்பட்டிருக்கும் முதல் மலையில், மரங்கள் நெருங்கிக் காற்றோட்டம் தடைப்பட்ட இடங்களில், வியர்வை உலர மாட்டாமல் வழிந்தோடுவதால், உடல் மேலும் மேலும் சுரந்து தன் நீரை விரயம் செய்ய நேர்கிறது. முதல் மலையே எல்லாவற்றினும் கடினமானது என்று யாத்திரிகர் பலர் சொல்லுவதற்குப் படிகளின் செங்குத்து மட்டும் காரணமன்று. உலராத வியர்வையும் ஒரு காரணம். அங்கே அவசரப்பட்டு ஏறுகிறவன் பின்னர் வரும் ஆறு மலைகளுக்கும் உரிய நீரை முன்கூட்டியே செலவழித்துவிடுகிறான். இழந்த நீரோடு உப்பும் போகிறதாகையால், வெறும் தண்ணீரை மட்டும் ஏராளமாகக் குடிப்பதைவிட, உப்பிட்ட எலுமிச்சைச் சாற்றையோ மோரையோ இடையிடையே சிறுகச் சிறுகப் பருகுவது நல்லது.

இந்த இடத்தில் பனியனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திருப்பூர் வாசகர்கள் இதில் தங்கள் தொழில் ஞானத்தைக் கொண்டு என்னைவிட நுட்பமாக எண்ணிப் பார்க்கக்கூடும். நெய்த துணியில் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக நேராகக் கிடக்கின்றன. பின்னிய துணியிலோ ஒரே நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி நுழைந்து, இடையே எண்ணற்ற சிறு காற்றறைகளை விட்டுச் செல்கின்றது. நிட்டிங் துணி உடலோடு வளைந்து கொடுப்பதும், உலர்ந்திருக்கும்போது இதமாக இருப்பதும் இந்த அமைப்பினாலேயே. அந்த நூல் பருத்தியானால் இன்னொரு விசேஷமும் உண்டு: செல்லுலோஸ் என்னும் அதன் மூலப்பொருள் நீரிடம் பெருவிருப்பம் உடையது, சாதாரண ஈரப்பதமுள்ள காற்றிலேயே தன் எடையில் 8 விழுக்காடு அளவுக்கு நீரை ஈர்த்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் இழையோ அரை விழுக்காடு கூட ஈர்ப்பதில்லை. சமவெளியின் கோடையில், மின்விசிறியின் கீழே, பருத்திப் பனியனைப்போல் சுகமான உடை வேறில்லை. வியர்வையை உடனே வாங்கிக்கொண்டு, பரந்த மேற்பரப்பில் பரப்பி, மெல்ல உலரவிட்டு, தோலைக் குளிர்விக்கிறது.

அதே நற்குணம் ஆறாவது மலையிலே ஆபத்தாக மாறுகிறது. விடியற்காலை மூன்று அல்லது நான்கு மணிக்கு மரங்களைத் தாண்டிப் புல்வெளிச் சரிவுகளுக்கு வந்து சேரும்போது, உயரத்தினால் மட்டுமே திருப்பூரைவிட 9 பாகை அளவு குளிர்ந்திருக்கும் காற்று, தடையின்றி வீசிக்கொண்டிருக்கும். இரவெல்லாம் வியர்வையை வாங்கிச் சேர்த்த பனியனின் காற்றறைகளில் இப்போது இருப்பது காற்றன்று, நீர். நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவது. ஏறும்போது உடலைக் காத்த அதே ஆவியாதல், ஏற்றம் நின்று ஓய்வுக்காக உட்கார்ந்த மாத்திரத்தில், தேவையில்லாத வெப்பத்தையும் லிட்டருக்கு 580 கிலோகலோரி என்ற அதே கணக்கில் பறித்துச் செல்லத் தொடங்குகிறது. உச்சியில் பற்கள் கிட்டிப்போக நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால், அவர்களில் பெரும்பாலோர் ஈரப் பனியனைக் கழற்றாதவர்களாகவே இருப்பார்கள். உலர்ந்த பனியன் ஒன்றைப் பையிலே வைத்திருந்து, உச்சிக்குச் சற்று முன்பாக மாற்றிக்கொள்ளுகிறவன், கம்பளி சுமந்து வருகிறவனைவிடக் குறைந்த சுமையில் நிறைந்த பயன் பெறுகிறான். அதைத் துணிப் பையில் கொண்டுவர வேண்டுமே தவிர நெகிழிப் பையில் அன்று. நெகிழிப் பொருள்களை வனத்துறையினர் அடிவாரத்திலேயே சோதனையிட்டு நிறுத்திவிடுகிறார்கள், அது மிகவும் சரியான காரியம்.

மூச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். திருப்பூரில் இழுக்கும் ஒரு மூச்சோடு ஒப்பிட்டால், உச்சியில் இழுக்கும் மூச்சில் பிராணவாயு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவாக இருக்கும். ஆரோக்கியமான சரீரம் இதைச் சற்று வேகமாக மூச்சு விட்டே ஈடுசெய்துவிடும். உயரத்தினால் உண்டாகும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் தலைகாட்டுகிறது. ஆதலால் வெள்ளியங்கிரியில் மூச்சு வாங்குவதற்கு மெல்லிய காற்றைவிட இடைவிடாத ஏற்றமே பெருங்காரணம். ஆனால் இருதயம் பலவீனமானவர்களுக்கு இந்த இரண்டோடு மூன்றாவது ஒன்றும் சேர்கிறது: வியர்வையால் நீர் குறைந்து ரத்தம் செறிவடைந்திருக்கும் வேளையில் குளிர் தாக்குவதால், ரத்தக் குழாய்கள் சுருங்கி, இருதயத்தின் சுமை திடீரென்று கூடிவிடுகிறது. 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் மலையேறச் சென்றவர்கள் பலர் மூச்சுத்திணறியும் மாரடைப்பாலும் வழியிலேயே உயிர் துறந்தார்கள் என்பது மிகுந்த துக்கத்தோடு நினைக்க வேண்டிய செய்தி. பகலெல்லாம், சில வேளை ஒன்றரை ஷிப்ட்டும், நின்றோ உட்கார்ந்தோ வேலைசெய்து, உறக்கமின்றி வேனில் வந்து, இறங்கிய உடனே ஏறத் தொடங்கும் வழக்கத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். ஒரு நாள் இரவு நன்றாக உறங்கிவிட்டு மறுநாள் ஏறுவதனால் ஆண்டவனுடைய அருள் குறைந்துபோய்விடாது. மார்பிலோ இடது தோளிலோ தாடையிலோ வலி கண்டவன், உச்சி எவ்வளவு அருகில் தெரிந்தாலும், அந்த இடத்திலேயே அமர்ந்து உதவி கேட்க வேண்டும்.

கீழிருந்து மேலே போகப்போகக் காடு தன் ஸ்வபாவத்தை மாற்றிக்கொண்டே வருவதை இரவில் ஏறுகிறவர்கள் காணாமற் போவது பெரிய நஷ்டம். ஆயினும் இறங்கும்போது பகல் வெளிச்சத்தில் அதைத் தலைகீழ் வரிசையில் நிதானமாகக் காணலாம். உச்சிப் பகுதியில் மலையின் தோள்களெல்லாம் புல்வெளி. நீரோடைகள் பிறக்கும் மடிப்புகளிலே மட்டும், வெளியிலிருந்து நோக்கினால் கரும்பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற குட்டையான, நெருங்கிய சோலைக் காடு. அதற்குக் கீழே நெடிய மரங்களையுடைய ஈரக்காடு; அதற்கும் கீழே வேங்கையும் ஈட்டியும் கருமருதும் கோடையில் இலை உதிர்த்து நிற்கும் காடும், மூங்கில் புதர்களும்; அடிவாரத்தில் முட்செடிகள் கலந்த வறண்ட காடு, யானைகள் நடமாடும் பூமி. இவ்வனங்கள் யாவும், 1986ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே முதலாவதாக அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தோடு தொடர்ந்து கிடப்பவை.

நடக்கிறவன் கவனிக்க வேண்டியது மரங்களைவிட மண்ணையே என்பது என் கருத்து. கார்காலத்தில் பெய்த மழை ஓய்ந்து ஐந்தாறு மாதங்கள் கழிந்த பங்குனி, சித்திரையிலும் கைதட்டிச் சுனையிலும் ஆண்டிச் சுனையிலும் குளிர்ந்த நீர் ஊறிக்கொண்டிருக்கிறதே, அந்த நீர் இத்தனை காலம் எங்கே இருந்தது? சோலையின் தரையில் ஆண்டுதோறும் உதிர்ந்து மக்கிய இலைகள், வேர்கள் செத்து விட்டுச்சென்ற குழல்கள், மண்புழுக்கள் துளைத்த வழிகள் ஆகியவை சேர்ந்து, எவ்வளவு கனமழையானாலும் மேலே ஓடவிடாமல் உள்ளே வாங்கிக்கொள்ளும் தன்மையை அந்த மண்ணுக்கு அளித்திருக்கின்றன. உட்புகுந்த நீர், மண்ணுக்கடியில் சிதைந்த பாறைப் படலத்தையும், அதற்கடியில் கடினப் பாறையின் விரிசல்களையும் நிரப்பி, மேலும் கீழே போக வழியில்லாத இடத்தில் பக்கவாட்டில் நகர்ந்து, சரிவில் பாறை வெளிப்படும் ஓரிடத்தில் சுனையாகக் கசிகிறது. மயிரிழை போன்ற விரிசலுக்குள் ஒரு நாளில் நகரும் நீரின் தூரம் மிகச் சிறிது; அந்தத் தாமதமே நதிக்குக் கோடையிலும் உயிர் கொடுக்கிறது.

காடு இருந்தால் நீர் பெருகும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அது முழு உண்மையன்று. மரமும் வியர்க்கிறது. இலைத்துளைகளின் வழியே அது வெளியிடும் ஒவ்வொரு லிட்டர் நீரும் மண்ணின் சேமிப்பிலிருந்து எடுக்கப்பட்டதே. ஒவ்வொன்றும் ஏறத்தாழ அதே 580 கிலோகலோரியைச் சூரியனிடமிருந்து செலவழிக்கிறது. வனத்தின் குளிர்ச்சிக்கு நிழலைப்போலவே இதுவும் காரணம். வேகமாக வளரும் மரம் மிகுதியாக வியர்க்கும். நீலகிரியில், கிளென்மார்கன் பகுதியில் அருகருகே இருந்த இரு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்து, ஒன்றைப் புல்வெளியும் சோலையுமாக விட்டு, மற்றொன்றின் பெரும்பகுதியில் நீலகிரித் தைலமரத்தை நட்டு, உதகமண்டலத்து மண் மற்றும் நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் பல ஆண்டுகள் அளந்து பார்த்ததில், மரம் நட்ட பகுதியிலிருந்து வரும் நீர் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்துபோயிற்று. புல்வெளியைத் தரிசு என்று எண்ணி மரம் நடப் புறப்படுகிறவர்கள் இதை நன்றாக மனத்தில் இருத்த வேண்டும். உச்சியிலுள்ள அந்தப் புல், சிக்கனமாக வியர்த்துக்கொண்டு, பெய்த நீரில் பெரும்பகுதியை ஓடைக்கு விட்டுக்கொடுக்கிறது. மடிப்பிலுள்ள சோலை அதை வேகமாக ஓடிவிடாமல் நிறுத்துகிறது. இரண்டும் சேர்ந்ததே நொய்யலின் ஊற்றுக்கண்.

இறக்கத்தைப் பலரும் எளிது என்று நினைக்கிறார்கள். சக்திச் செலவில் அது எளிதுதான். தசைநார்களுக்கோ ஏற்றத்தைவிடக் கொடியது. ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, இறுகிப் பிடித்தபடியே நீளவேண்டியிருக்கிறது. இவ்வாறு இழுபட்டு நீளும் தசையின் நுண்ணிழைகளில் சிறு சிறு சிதைவுகள் உண்டாகி, உடனே வலிக்காமல், ஒரு நாள் கழித்துத் தொடங்கி இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சமடைகிறது வலி. திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் பவர்டேபிளின் பெடலை மிதிக்கும்போது தொடை கடுக்கிறது என்று தொழிலாளர் சொல்லுவது இதையே. ஊன்றுகிற மூங்கில் தடி, ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு வரும் சுமையில் ஒரு பகுதியைக் கைக்கு மாற்றுவதால், ஏற்றத்தைவிட இறக்கத்திலேயே அதிகம் பயன்படுகிறது. சில வாரங்களுக்கு முன்பிருந்தே மாடிப்படிகளில் இறங்கிப் பழகியவர்களுக்கு இந்தக் கடுப்பு பெரிதும் குறையும்.

சுனைகளிலிருந்து இறங்கும் நீர், சின்னாறு, பெரியாறு முதலிய ஓடைகளாகச் சேர்ந்து நொய்யலாகி, சித்திரைச்சாவடி அணைக்கட்டைத் தாண்டி, முன்னோர் வெட்டிய வாய்க்கால்களின் வழியே உக்கடம், சிங்காநல்லூர், சூலூர் முதலிய ஏரிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது போக எஞ்சியதைக் கொண்டு திருப்பூரை வந்தடைகிறது. அங்கே அதற்கு நேர்ந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். நீரில் நனைந்த பருத்தி இழை எதிர்மின்னேற்றம் கொள்ளுகிறது. ரியாக்டிவ் சாயமும் நீரில் எதிர்மின்னேற்றம் உடையதே. ஒன்றையொன்று விலக்கும் இவ்விரண்டையும் சேர்த்து வைப்பதற்காகச் சாயநீரில் உப்பைக் கொட்டுகிறார்கள். கருநிறத்துக்கு லிட்டருக்கு 50 கிராமுக்கும் மேலே, அதாவது கடல்நீரில் உள்ளதைவிட அதிகமாக. அந்த உப்பில் ஒரு துளியும் துணியோடு போவதில்லை. முழுவதும் கழிவிலேயே வெளியேறுகிறது. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் 1990களின் தொடக்கத்தில் பாசனத்திற்காகக் கட்டப்பட்ட அணையில் அந்தக் கழிவு தேங்கி, எந்த உழவர்களுக்காக அணை எழுந்ததோ அவர்களே அந்நீர் வேண்டாம் என்று மறுக்கும் நிலை வந்தது. கிணறுகளும் தென்னைகளும் கெட்டன. 2011ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு ஏற்பாட்டைச் செய்த பின்னரே மீண்டும் இயங்க அனுமதி பெற்றன.

அந்த ஏற்பாட்டில் கழிவுநீரை முதலில் ஆர்.ஓ. சவ்வுகளின் வழியே பேரழுத்தத்தில் செலுத்தி நன்னீரைப் பிரிக்கிறார்கள். உப்பு செறியச்செறிய வேண்டிய அழுத்தமும் ஏறிக்கொண்டே போவதால், ஓர் எல்லைக்கு மேல் சவ்வினால் ஆகாது. எஞ்சிய உவர்நீரை எவாபரேட்டரில் காய்ச்சி ஆவியாக்கித்தான் உப்பைப் பிரித்தெடுக்க வேண்டும். இங்கேதான் பழைய விதி தன் முழு விலையையும் கேட்கிறது. விறகு ஒரு கிலோ எரிந்தால் 3,500 கிலோகலோரி அளவு தரும். கொதிகலனின் விரயம் போக, ஒரே கட்டத்தில் காய்ச்சினால், அது 4 லிட்டர் நீரை மட்டுமே ஆவியாக்கும். ஒரு கட்டத்தில் எழுந்த ஆவியைக் குளிரவைத்து, அது திருப்பிக் கொடுக்கும் உள்ளுறை வெப்பத்தாலேயே அடுத்த கட்டத்து நீரைக் குறைந்த அழுத்தத்தில் கொதிக்க வைக்கும் யுக்தியால் இந்தச் செலவைச் சில மடங்கு குறைத்திருக்கிறார்கள். திருப்பூர்ப் பொறியாளர்களின் இந்த உழைப்பு பெரிதும் பாராட்டத்தக்கது. ஆயினும் செலவு செலவே. பிரிந்த உப்பை மீண்டும் சாயத்துக்குப் பயன்படுத்தியும், ஒரு கிலோ துணியின் விலையில் அது ஏறி நிற்கிறது.

உப்புநீரிலிருந்து நன்னீரைப் பிரிக்கும் இதே வேலையைத்தான் சூரியன் அரபிக்கடலின் மேல் செய்து, காற்றின் கையில் கொடுத்து, வெள்ளியங்கிரியில் இறக்கிவைக்கிறது. அந்த மலையில் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10 லட்சம் லிட்டர் நீர். அவ்வளவு நீரையும் திருப்பூர்க் கொதிகலனில் ஒரே கட்டமாகக் காய்ச்சிப் பிரிப்பதாயிருந்தால் 250 டன் விறகு வேண்டும். ஆடி மாதத்து அடைமழையில் ஒரே நாளில் அந்தச் சரிவுகளில் பெய்வது ஒரு மில்லிமீட்டர் அன்று, பற்பல மில்லிமீட்டர்.